குருதிக் கொடையும் வாய்மையும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் முன்னோர் மொழி. ஒருவர் அன்போடு அளித்ததைக் குற்றம் ஆராய்ந்து ஏற்றல் பண்பன்று என்பது அதன் கருத்து. சோறு, ஆடை, பொன், நிலம் முதலாய தானங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆயின், பிற்காலத்திலே தோன்றிய ஒரு தானத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அதுவே குருதித் தானம். அளிப்பவர் எத்துணை நல்லவராயினும், அவர் அளித்த குருதியைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஏற்றல் வேண்டும். பாராது ஏற்பின், உயிர் காக்கப் புகுந்த கொடையே உயிருக்கு உலை வைப்பதாய் முடியும்.

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டியபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே எழுத எண்ணியிருந்தோம். வைத்தியக் கல்வி நமக்கில்லை. எனினும், கொடிகாமத்திலே கண்டி வீதியோரம் வாழும் நாம், அவ்வீதியிலே விபத்துற்றவர்களை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் வண்டிகளைக் காண்கின்றோம். நம் ஊர்ப் பாடசாலை மண்டபங்களிலும் கோயில் மடங்களிலும் இளைஞர் வரிசையாய் நின்று குருதி வழங்குவதையும் காண்கின்றோம். "குருதி கொடுங்கள்" என்று மேடையிற் கூறிய நாம், "எவ்வாறு கொடுத்தல் வேண்டும்" என்று வகுப்பிற் கூறினோமில்லை. அக்குறையை ஒருவாறு தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது.

கொடையின் இயல்பு

குருதி, உதிரம், செந்நீர், சோரி எனத் தமிழிலே இதற்குப் பெயர்கள் பல. பெயர் பலவாயினும் பொருளை ஆக்கும் ஆற்றல் மனிதனிடம் இல்லை. எத்தனையோ மருந்துகளைத் தொழிற்சாலையிலே ஆக்கக் கற்ற மனிதன், குருதிக்கு முழுதும் ஈடான ஒன்றை இன்றுவரை ஆக்கினானில்லை. ஒருவர் உடலிலிருந்தே மற்றொருவர் உடலுக்கு அது செல்லுதல் வேண்டும்.

வளர்ந்த ஒருவரின் உடலிலே ஏறக்குறைய 5 லீற்றர் குருதி உண்டு. ஒரு முறை பெறப்படுவது 450 மில்லிலீற்றர் அளவே. அதனைச் செங்குழியம், சிறுதட்டு, முதலுரு என மூன்றாகப் பிரித்து மூவருக்கும் வழங்கலாம். குளிரூட்டியிலே செங்குழியம் ஐந்தாறு வாரம் நிற்கும். சிறுதட்டோ ஐந்து நாளுக்கு மேற் பெரும்பாலும் நில்லாது. ஆதலின் நெல்லைப்போலக் குதிரிலே சேமித்து வைத்து ஆண்டு முழுவதும் எடுத்துண்ணும் பொருளன்று இது. கொடுப்போர் நாள்தோறும் வேண்டும்.

ஏனைத் தானங்களிலே கொடுப்போனும் கொள்வோனும் முகம் நோக்கி நிற்பர். குருதித் தானத்திலே ஒருவர் முகத்தை மற்றவர் காண்பதில்லை. கொள்வோர் மயங்கிக் கிடக்கும் தாயாகவும் இருக்கலாம். வாய் பேசாத குழந்தையாகவும் இருக்கலாம். "இது தூயதோ" என்று கேட்கும் ஆற்றல் அவர்க்கில்லை. அவர்க்காக அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர் இருவர்: குருதியைச் சோதிப்பவர் ஒருவர், கொடுப்பவர் மற்றொருவர்.

அறிவு வளர்ந்த வரலாறு

முற்காலத்தில் ஒருவர் குருதியை மற்றொருவர்க்கு ஏற்றியபோது சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர். காரணம் யாதென எவருக்கும் விளங்கவில்லை. 1901 ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து அறிஞர் கார்ல் லான்ட்சுரைனர், மனிதர் குருதி ஒரே வகையினதன்று என்றும், பொருந்தாத வகைகள் கலந்தால் குழியங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் என்றும் வெளியிட்டார். இதற்காக 1930 ஆம் ஆண்டில் அவருக்கு நொபெல் பரிசு வழங்கப்பட்டது. அவர் பிறந்த யூன் 14 ஆம் நாளே இன்று உலகக் குருதிக் கொடையாளர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

வகை பொருந்தினால் இடர் முழுவதும் நீங்கிற்று என மக்கள் மகிழ்ந்தனர். ஆயின், குருதி பெற்றுப் பிழைத்தவர்களிற் சிலர் சில மாதங்களுக்குப் பின் கண் மஞ்சளாகி, ஈரல் கெட்டு நலிந்தனர். குருதியோடு கூடவே வேறொன்றும் சென்றிருந்தது. அது வைரசு எனப்படும் நுண்ணிய நச்சுயிர். 1965 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் புளும்பேர்க்கு, அவுத்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியிலே கண்ட புதிய பொருளைப் பற்றி எழுதினார். அது ஈரலழற்சி பி என்னும் நோயின் அடையாளம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. எச்.ஐ.வி. 1983 ஆம் ஆண்டிலும், ஈரலழற்சி சி வைரசு 1989 ஆம் ஆண்டிலும் அறியப்பட்டன.

இம்மூன்று வைரசுகளுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. உடலிலே புகுந்தபின் பல்லாண்டு காலம் யாதொரு குறியும் காட்டாது அவை இருத்தல் கூடும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, முகத்திலே வாட்டமும் இல்லை. பந்து விளையாடித் திரியும் வலிய இளைஞர் ஒருவர் தம்மையறியாமலே அவற்றைச் சுமந்து வாழலாம். "பார்த்தால் நல்ல சுகதேகி" என்னும் சான்று குருதி வங்கியிலே செல்லாது.

மாங்கொட்டை வண்டு

குருதியைச் சோதித்தால் தெரியாதோ எனின், பெரும்பாலும் தெரியும். ஒரு காலத்தில் மட்டும் தெரியாது. தென்மராட்சியிலே பிறந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. கொடிகாமம் சந்தையிலே நன்கு பழுத்த மாம்பழம் ஒன்றை வாங்குகின்றோம். தோலிலே துளையில்லை, வடுவில்லை. வெட்டிப் பார்த்தால் கொட்டைக்குள்ளே கரிய வண்டு. அது எவ்வழியாற் புகுந்தது? காய் பிஞ்சாயிருந்தபோதே தாய்வண்டு தோலிலே முட்டையிட்டது. புழு உள்ளே சென்றது. காய் வளர வளரப் புண் ஆறி மறைந்தது. வெளியே தேடுவோர்க்கு உள்ளே இருப்பது தெரியாது.

குருதியும் அத்தகையது. சோதனைகள் பலவும் வைரசைத் தேடுவதில்லை. அதனை எதிர்க்க உடல் ஆக்கும் பிறபொருளெதிரியையே தேடுகின்றன. வைரசு புகுந்த நாளுக்கும் பிறபொருளெதிரி தோன்றும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. எச்.ஐ.வி.க்கு அது ஏறக்குறைய மூன்று வாரம். ஈரலழற்சி சி இற்கு இரண்டு மாதம் வரையிலும் செல்லும். அந்நாட்களிலே சோதனை "இல்லை" என்று கூறும்; வைரசோ இருக்கும். வைரசின் கூற்றையே நேராகத் தேடும் புதிய முறைகள் இவ்விடைவெளியைச் சுருக்கியுள்ளன. ஆயினும் முற்றாக நீக்கினவல்ல. அவ்விடைவெளியிலே கொள்வோரைக் காக்க வல்லது ஒன்றே. அது கொடுப்போரின் வாய்மை. "அண்மையிலே இடர் தரும் நடத்தைக்கு உள்ளானேன், இன்று கொடேன்" என்று அவர் தாமே விலகினாலன்றி வேறு காவலில்லை.

விலைக்கு வந்த குருதி

பணத்துக்காகக் கொடுப்பவரிடம் அவ்வாய்மையை எதிர்பார்த்தல் அரிது. உண்மை சொன்னாற் கூலி போய்விடும் அன்றோ? இக்கருத்தை இங்கிலாந்து நாட்டுப் பேராசிரியர் ரிச்சாட் திற்மசு 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே வலியுறுத்தினார். குருதியை விற்கும் நாட்டிலே அது குறைவாகவும் மாசுடையதாகவும் கிடைக்கும் என்பதும், அன்பாற் கொடுக்கும் நாட்டிலே அது தூயதாய்க் கிடைக்கும் என்பதும் அவர் துணிபு.

அவர் சொன்னது நிகழ்ந்தது. பலரது குருதியைச் சேர்த்து ஆக்கிய மருந்தை இங்கிலாந்து அரசாங்கம் 1970 களிலும் 1980 களிலும் அமெரிக்காவிலிருந்து தருவித்தது. அங்கே கூலிக்குக் கொடுத்தோரும் சிறையிலிருந்தோரும் அதற்குக் குருதி தந்தவர்களில் அடங்குவர். அம்மருந்தாலும், சோதியாது ஏற்றிய குருதியாலும் அந்நாட்டிலே 30,000 இற்கு மேற்பட்டோர் எச்.ஐ.வி.யும் ஈரலழற்சியும் உற்றனர். ஏறக்குறைய 3,000 பேர் மாண்டனர். நீதிபதி பிரையன் லாங்சுராவ் தலைமையில் நடந்த விசாரணை 2024 மே 20 ஆம் நாள் தன் அறிக்கையை வெளியிட்டது. அக்கேடு தவிர்க்கத் தக்கதாயிருந்தது என்றும், உண்மை நெடுங்காலம் மறைக்கப்பட்டது என்றும் அது கூறிற்று.

இந்தியாவிலே 1986 ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமன், நிர்மலா ஆகிய பெண்மணிகளின் முயற்சியால் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர், 1996 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைப்படி, குருதி விற்போரிடம் குருதி பெறுதல் 1998 சனவரி 1 ஆம் நாள் முதல் அந்நாட்டிலே தடை செய்யப்பட்டது.

சாத்தூரில் நிகழ்ந்தது

விலை ஒழிந்தது; சோதனையும் சட்டமாயிற்று. பின்னும் ஒரு துயரம் நிகழ்ந்தது. தமிழ்நாட்டிலே விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூரில், 2018 டிசம்பர் மாதத் தொடக்கத்திலே, கருவுற்றிருந்த பெண்ணொருவருக்குக் குருதிக் குறைவு காரணமாக அரசாங்க வைத்தியசாலையிலே குருதி ஏற்றினர். சிவகாசி அரசாங்க வைத்தியசாலைக் குருதி வங்கியிலிருந்து அது வந்தது. அதனை வழங்கியவர் ஓர் இளைஞர். பணத்துக்கன்று, உறவினர் ஒருவர் பொருட்டு வழங்கியவர். சில நாட்களின் பின், வெளிநாட்டு வேலைக்கான வைத்திய பரிசோதனையிலே தமக்கு எச்.ஐ.வி. உண்டென்பதை அவர் அறிந்தார். அறிந்தவர் வாளா இருந்தாரல்லர். குருதி வங்கிக்குச் சென்று, "என் குருதியை எவருக்கும் ஏற்றாதீர்கள்" என்றார். அதற்குள் அது ஏற்றப்பட்டிருந்தது.

பின்னர் வெளிவந்த செய்தி இன்னும் கொடியது. அவ்விளைஞர் 2016 ஆம் ஆண்டிலேயே ஒரு முறை குருதி வழங்கியிருந்தார். அன்று செய்த சோதனையிலேயே வைரசு அறியப்பட்டிருந்தது. ஆயின் அச்செய்தி அவரைச் சென்று சேரவில்லை. இரண்டாண்டு காலம் அவர் அறியாமலே திரிந்தார். அறியாமலே மீண்டும் கொடுக்க வந்தார். இரண்டாம் முறை அதனைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய சோதனையும் தவறிற்று. வைரசு மறைந்திருக்கும் இடைவெளிக் காலமன்று அது. கண்டிருக்க வேண்டியதைக் காணாத தவறு.

அப்பெண் 2019 சனவரியிலே குழந்தையைப் பெற்றெடுத்தார். அவருக்கு 25 இலட்சம் ரூபா இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டிலே அரசாங்கத்துக்குக் கட்டளையிட்டது. அவ்விளைஞரோ அதனைக் காண இருந்தாரல்லர். செய்தி ஊரெங்கும் பரவியபின், பழியும் வருத்தமும் தாங்காது, 2018 டிசம்பர் முடியுமுன்னரே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியை நாம் பன்முறை எண்ணியதுண்டு. இதிலே வாய்மையோடு நடந்தவர் யார்? அந்த இளைஞரே. தமக்கு வரும் பழியை நோக்காது, முகமறியாத ஓருயிர் பொருட்டுத் தாமே சென்று உண்மை சொன்னார். அவருக்கு உண்மை சொல்ல வேண்டியவர்கள் சொன்னாரில்லை. உண்மை சொன்னவரைத் தாங்கியிருக்க வேண்டிய ஊரும் தாங்கவில்லை. புறாவுக்காகத் தசையை அரிந்தீந்த சிபியின் கதையை நாம் வகுப்பிலே விரித்துரைக்கின்றோம். இவ்விளைஞர் போன்றாரை அவ்வரிசையிலே வைத்தெண்ண நமக்குத் தோன்றியதுண்டோ?

நம் நாட்டு முறை

இலங்கையிலே இப்பணியை நடத்துவது தேசிய குருதி மாற்றுச் சேவை. அதன் தலைமை நிலையம் கொழும்பு நாரகேன்பிட்டியில் உள்ளது. முன்னர் நோயாளியின் உறவினர் குருதிக்குக் குருதி ஈடு செய்யும் வழக்கம் இங்கும் இருந்தது. உறவினர்க்காகக் கொடுப்பவர், "மாட்டேன்" என்று சொல்ல நாணித் தம் குறையை மறைத்தலுமுண்டு. 2014 ஆம் ஆண்டு முதல் முழுவதும் தன்னார்வக் கொடையாலேயே நம் நாட்டுக் குருதித் தேவை நிறைவு செய்யப்படுகின்றது. செல்வம் மிகுந்த நாடுகள் சிலவும் எய்தாத நிலை இது.

பெறப்படும் குருதி ஒவ்வொன்றும் எச்.ஐ.வி., ஈரலழற்சி பி, ஈரலழற்சி சி, சிபிலிசு, மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்படுகின்றது. மலேரியா அற்ற நாடென 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்குச் சான்றளித்தபின்னும் அச்சோதனையைக் கைவிட்டாரில்லை. 18 வயது முதல் 60 வயது வரையுள்ள நலமுடையோர் கொடுக்கலாம். ஒரு கொடைக்கும் அடுத்த கொடைக்கும் இடையே நான்கு மாதம் செல்லுதல் வேண்டும். கொடுக்குமுன் வினாத்தாள் ஒன்றை நிரப்பி, வைத்தியரோடு தனித்துப் பேசுதல் வேண்டும். ஐந்து சோதனைக்கும் முன்னதான சோதனை அந்த வினாத்தாளே. பரீட்சைத்தாளிலே விடை மறந்தால் புள்ளி குறையும். இத்தாளிலே விடை மறைத்தாற் பிறருயிர் குறையும்.

ஒரு கடிதம்

இனி நம் வாழ்விலே நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் முகாமொன்றிலே குருதி வழங்கினார். சில வாரங்களின் பின் குருதி வங்கியிலிருந்து மூடிய உறையிலே கடிதம் வந்தது: "நேரில் வந்து எம்மைக் காண்க" என்ற அளவே. அதனைப் பல நாள் சட்டைப் பையிலேயே வைத்துத் திரிந்தவர், ஒரு மாலை நம் வீட்டு மாமர நிழலிலே வந்து நின்றார்.

"சேர், அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை" என்றார்.

கடிதத்தைப் படித்தோம். படித்ததும் நாம் கேட்ட முதற் கேள்வி, "தம்பி, நீர் என்ன பிழை செய்தீர்?" என்பது. அவர் மறுமொழி கூறாது நிலத்தைப் பார்த்தார். அக்கேள்வியை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகின்றோம்.

மறுநாட் காலையிலே இருவரும் பேருந்தேறி யாழ்ப்பாணம் சென்றோம். அங்கே வைத்தியர் அவரைத் தனியே அழைத்து நெடுநேரம் பேசினார். முதற் சோதனை ஐயம் காட்டும் அளவினது. உறுதிச் சோதனை செய்தாலன்றி முடிவு கூறல் ஆகாது என்றார். உறுதிச் சோதனையிலே ஈரலழற்சி பி வைரசு இருப்பது தெரிந்தது. பின்னர் வீட்டாரைச் சோதித்தபோது, அவருடைய தாயாரிடமும் அது இருந்தது. பிறக்கும் பொழுதே தாயிடமிருந்து பிள்ளைக்கு வருதல் அந்நோயின் இயல்பு. அதற்கான தடுப்பூசி நம் நாட்டுக் குழந்தைகளுக்கு 2003 ஆம் ஆண்டிலேதான் தொடங்கிற்று. அவரோ அதற்கு முன் பிறந்தவர். பிழை ஒன்றும் செய்யாத பிள்ளையிடமே நாம் பிழை கேட்டோம்.

அக்கடிதம் வந்ததனால் தாயும் மகனும் உரிய கண்காணிப்பைப் பெற்றனர்; வீட்டிலே ஏனையோர் தடுப்பூசி பெற்றனர். ஆயினும் செய்தி எவ்வாறோ கசிந்தது. சந்தையிலும் சந்தியிலும் சிலர் முணுமுணுத்தனர்; பேசி வந்த திருமணமொன்றும் நின்றது. கூட உண்பதாலோ கை தொடுவதாலோ அந்நோய் பரவாது என்று வீடு வீடாய்ச் சென்று சொன்னோம். கேட்டவர் சிலர், கேளாதவர் பலர். இன்று அவர் குருதி கொடுப்பதில்லை. முகாம் நடக்கும் நாளிலே விடியுமுன் வந்து, வாங்கு மேசைகளை ஒழுங்கு செய்து, கொடுப்போர்க்குக் குளிர்பானம் வார்க்கின்றார்.

சாத்தூரிலே கடிதம் சேரவில்லை; கொடிகாமத்திலே சேர்ந்தது. அவ்வளவே வேற்றுமை. சேர்ந்த கடிதத்தைப் பெற்றவர் அஞ்சாது எடுத்துச் செல்லும் ஊராக நம் ஊர் இருத்தல் வேண்டும். அதனை ஆய்வுகூடத்தார் செய்ய மாட்டார். நாமே செய்தல் வேண்டும்.

மாணவர்க்குச் சில சொற்கள்

குருதி வழங்குக. வினாத்தாளிலே உள்ளதை உள்ளவாறே எழுதுக. நண்பர் முன்னிலையிலே நாணி, கொடுக்கத் தகாத நாளிலே கொடாதொழிக. "இன்று எனக்கு வசதியில்லை" என்பதும் ஒரு கொடையே. தன் குருதியிலே நோயுண்டோ என அறியும் பொருட்டு முகாமுக்குச் செல்லற்க. அரசாங்க வைத்தியசாலைகளிலுள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிலே எச்.ஐ.வி. சோதனையை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்துகொள்ளலாம். கொடுத்த பின் ஐயம் தோன்றினும் காலந்தாழ்த்தாது குருதி வங்கிக்கு அறிவிக்க. சரியான முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதுக. உண்மை நம்மைத் தேடி வரும் வழி அதுவே.

கடிதம் வந்தால் அஞ்சற்க. ஈரலழற்சி சி இன்று சில வார மருந்தாலே பெரும்பாலும் முற்றாகக் குணமாகின்றது. எச்.ஐ.வி. உற்றவரும் நாள்தோறும் மருந்துண்டு, மணம் புரிந்து, நெடுங்காலம் வாழ்கின்றனர். அடுத்த வீட்டிலே ஒருவருக்குக் கடிதம் வந்ததென்று கேள்வியுற்றால், நாம் கேட்ட கேள்வியை நீவிர் கேளாதிருப்பீராக. "எப்போது போகவேண்டும், நானும் வரட்டோ?" என்று கேட்பீராக.

வாய்மையை வள்ளுவர் ஓர் அதிகாரமாக வகுத்தார். அதனைப் பரீட்சைக்காகப் பலகாற் கற்பித்துள்ளோம். அதன் பொருள் நமக்கு முழுதும் விளங்கியது, அன்று யாழ்ப்பாணத்திலே குருதி வங்கியின் வாயிலில், நம் மாணவர் உள்ளே சென்ற பின், வெளியே வாங்கிலே தனித்திருந்தபோதுதான்.